இறந்தவர் பேசக்கூடாது

மாசி பிறந்த பிறகும் அந்த வருசம் குளிர் மலையை விட்டு இறங்கவில்லை. விடிகாலையில் பார்த்தால் புல்லெல்லாம் உப்பைத் தூவிவிட்டதுபோல் வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறினால் அதே புல் அப்பளம்போல் காலடியில் நொறுங்கும். பனி கருக்கிய புல்லுக்கு ஒரு பீடித்துண்டு போதும். காலையில் விறைத்துச் சாவதா, மத்தியானம் வெந்து சாவதா என்று மூணுகல் எஸ்டேட் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், கேலி பேசிக்கொள்வார்கள். கேலிதான் என்றாலும் யாரும் அதிகம் சிரிப்பதில்லை.

இதையே குன்னூரில் இருந்த மலைமண்டல வானிலை முன்நோக்கு மையம் தாளில் அச்சடித்து, பெரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டியிருந்தது. பெரட்டுக்களம் என்றால் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம். “வரும் இரு வாரங்களில் குளிர்காற்று இயல்பாகவோ, இயல்பைவிடக் கூடுதலாகவோ, சில இடங்களில் குறைவாகவோ இருக்கக்கூடும். தீ அபாயம் இருக்க வாய்ப்புள்ளது, இல்லாமலிருக்கவும் வாய்ப்புள்ளது. பொதுமக்கள் எச்சரிக்கையாகவும் கவலையின்றியும் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

வீரையா அதைப் படித்துவிட்டு வானத்தைப் பார்த்தார். வானம் ஒன்றும் மறைக்கவில்லை. நீலமாக, ஒரு மேகமில்லாமல், காய்ந்து கிடந்தது.

அவர் அந்த எஸ்டேட்டின் தீக்காவலாள். மற்ற மாதங்களில் கவ்வாத்து வெட்டுவார், மருந்தடிப்பார், கான் தோண்டுவார். தை, மாசி, பங்குனியில் மட்டும் ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு புல் மேட்டைச் சுற்றிவர வேண்டும். சிறு பிள்ளையாகச் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த சாமான்களில் இன்னும் உடையாமல் இருப்பது பேச்சு மட்டும்தான். அதனால்தான் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் அறைக்கு அவர் இன்றும் ‘பிள்ளைக்காம்பரா’ என்றுதான் சொல்வார்.

அவருடைய கவலையெல்லாம் அந்தப் பிள்ளைக்காம்பராவைப் பற்றித்தான். அவர் பேத்தி கீர்த்தனா அங்கேதான் பகலெல்லாம் இருப்பாள். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். பிள்ளை தாத்தாவோடு இருந்தது. காம்பராவின் பின்சுவரை ஒட்டி, கூரை உயரத்துக்கு, காய்ந்த பெரணிச் செடி மலைபோல் குவிந்திருந்தது.

அது அங்கே வந்த கதை இதுதான். முன்நோக்கு மையத்தில் குளிர்ப் பிரிவு மேல்மாடியில், தீப் பிரிவு கீழ்மாடியில். இரண்டுக்கும் படிக்கட்டு ஒன்று, பேச்சுவார்த்தை கிடையாது. உறைபனியில் தேயிலை இளங்கன்றுகள் கருகாமலிருக்கப் பெரணி வெட்டி, உலர்த்தி, கன்றுகளை மூடும்படி குளிர்ப் பிரிவு உத்தரவு போட்டது. இளங்கன்று மலை தொடங்குவது காம்பராவுக்குப் பின்னால். வெட்டியதை அங்கே குவித்தார்கள். பிறகு தீப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, குடியிருப்புக்குப் பக்கத்தில் காய்ந்த சருகு வைத்திருப்பது பெருங்குற்றம் என்று சொல்லி, அதைப் படமெடுத்துக்கொண்டு போனார். அதை எடுக்கும்படி யாரும் சொல்லவில்லை.

வீரையா பஸ் ஏறி ஆபீசுக்கே போனார்.

கீழ்மாடியில் தீப் பிரிவு அதிகாரி பாலகுமார் மரியாதையாக உட்காரச் சொன்னார். “ஏனுங் பெரியவரே, அந்தக் குவியல் காஞ்சதுங்களா, ஈரமுங்களா?”

“விடியக்காலையில ஈரமுங்க. வெயில் வந்தா காஞ்சதுங்க.”

“காலையில ஈரம்னா அது மேல்மாடிங்க. மத்தியானம்னா எங்களுதுங்க. ஆனா போட்டது அவங்க. அவங்க போட்டத நாங்க தொட்டா அது தலையீடு ஆயிப்போகுமுங்க.”

மேல்மாடியில் குளிர்ப் பிரிவு அதிகாரி ரேகா கையுறை போட்டுக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தார். “உறைபனி விலகிடுச்சுன்னு அறிவிச்சாத்தானுங்க பெரணிய எடுக்க முடியும்.”

“எப்ப மேடம் அறிவிப்பீங்க?”

“தீக்காலம் தொடங்கிடுச்சுன்னு கீழ சொன்னாத்தான் பனிக்காலம் முடியுமுங்க. ஒரே நேரத்துல ரெண்டு காலம் நடக்க முடியாதுல்லங்க?”

வீரையா மறுபடி கீழே வந்தார். “தீக்காலம் எப்பங்க தொடங்கும்?”

“பனிக்காலம் முடிஞ்சதுமுங்க,” என்றார் பாலகுமார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவருக்குத் தலை சுற்றியது. கொண்டை ஊசி வளைவு என்று நினைத்துக்கொண்டார்.

அவர் மனைவி சின்னம்மை வேறு வழி பார்த்தாள். தினமும் வேலை முடிந்து பேத்தியைத் தூக்கிவரும்போது குவியலிலிருந்து ஒரு அணைப்புப் பெரணியை அடுப்புக்கு எடுத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். குவியல் ஜன்னல் மட்டத்துக்கு இறங்கியது. வீரையாவுக்கு ராத்திரித் தூக்கம் வரத் தொடங்கியபோது மேஸ்திரி சுடலைமுத்து அதைக் கவனித்துவிட்டார். உத்தரவில் சொன்ன உயரம் குறைந்துவிட்டதென்று புதிதாக வெட்டிப் போடச் சொன்னார். வெட்டிப்போட்ட கை வீரையாவுடையது. காவலாளுக்கு அன்று வேறு வேலை இல்லை என்று அவரைத்தான் அனுப்பினார்கள்.

இந்த நிலைமையில்தான் ‘குளிர்-தீ கூட்டு ஒத்திகை’ வந்தது.

*

ஒத்திகை அன்று காலை பெரட்டுக்களத்தில் மூச்சு விட்டால் புகைபோல் வந்தது. ரேகா ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து, கயிறு கட்டிய அட்டைகளை ஆட்களின் கழுத்தில் மாட்டினார். ‘லேசான காயம்’, ‘பலத்த காயம்’, ‘மூச்சுத்திணறல்’ எல்லாம் உடனே போய்விட்டன. கடைசியில் ஒரு அட்டை மட்டும் பெட்டிக்குள் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தவர்களெல்லாம் சூடான பாத்திரத்தைப்போல் திரும்பப் போட்டார்கள்.

“பெரியவர் ஒல்லியா இருக்காரு. தூக்க வசதி,” என்று சொல்லி ரேகா அதை வீரையாவுக்கு மாட்டினார். அட்டையில் ‘இறந்தவர்’ என்று இருந்தது.

சின்னம்மை கூடையை இறக்கி வைத்தாள். “மேடம், வெள்ளிக்கிழமையும் அதுவுமா இதென்னங்க? பலத்த காயம் குடுங்க. எப்பிடியாச்சும் பொழச்சு வந்துருவாரு.”

“பலத்த காயம் தீந்துபோச்சுங்கம்மா.”

“அப்ப லேசான காயத்துல ரெண்டு சேத்துக் குடுங்க!”

பெண்கள் சிரித்தார்கள். ரேகா சிரிக்கவில்லை. “முன்நோக்குல ஒரு இறப்புன்னு போட்டிருக்கோமுங்க. ஒண்ணு இருந்தே ஆகணும்.” பிறகு வீரையாவிடம் திரும்பினார். “இறந்தவர் பேசக்கூடாதுங்க. அசையக்கூடாது. தும்மல் வந்தாலும் அடக்கிக்கணும். கடைசியில மௌன அஞ்சலி நடக்கும். அதுக்கப்பறம் எந்திரிச்சு டீ குடிக்கலாம்.” வீரையாவின் விசிலையும் போனையும் அவர் வாங்கி, மற்றவர்களுடையதோடு ஒரு தட்டில் போட்டுக்கொண்டார்.

பெண்களை மலைக்கு ஓட்டிக்கொண்டு போகுமுன் மேஸ்திரி சுடலைமுத்து குரலை உயர்த்தினார். “நல்லாக் கேட்டுக்கங்க. இன்னைக்கு சங்கு ஊதும். புகை வரும். தீ, தீன்னு கத்துவாங்க. ஒருத்தியும் கொழுந்த விட்டுட்டு இறங்கப்படாது. எல்லாம் பொய்யி.”

“நெசமா ஏதாச்சும் நடந்தா எப்பிடித் தெரியும் மேஸ்திரி?” என்று கேட்டாள் சின்னம்மை.

“நெசம்னா மையம் அறிவிக்கும்.”

“மையம்தானே பொய்யும் அறிவிக்குது!”

“உனக்கு வாய் நீளம். ஏறு, ஏறு.”

அவள் ஏறினாள். வீரையா பிள்ளைக்காம்பராப் பக்கம் பார்த்தார். ஆயா விஜயா குழந்தைகளை உள்ளே கூட்டிக்கொண்டிருந்தாள். கீர்த்தனா குல்லாவுக்குள்ளிருந்து கையாட்டினாள். அவள் தலைக்குப் பின்னால் பெரணிக் குவியல் பனி பூத்து, பார்க்க அழகாகக்கூட இருந்தது.

*

விழா நடந்த மைதானம் பள்ளத்தில் இருந்தது. அதற்கு மேலே சரிவான புல்மேடு. மேட்டின் உச்சியில் பிள்ளைக்காம்பரா. அதற்கும் மேலே, எட்ட, பெண்கள் கொழுந்தெடுக்கும் மலை.

மேடையின் பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ். ஒருபக்கம் நீலத்தில் குளிர், மறுபக்கம் சிவப்பில் தீ. பதினோரு மணிக்குத் திருப்பிப் போட ஒரு ஆள். விருந்தினருக்குக் குளிருமென்று குளிர்ப் பிரிவு பெரிய கரியடுப்பு ஒன்றை மூட்டி வைத்திருந்தது. சாமந்தி மாலை போட்ட தீயணைப்பு வண்டி ஒன்று கொடியசைப்புக்காகக் காத்து நின்றது. வரவேற்புக்கு லயத்துப் பாண்டியனும் அவன் கூட்டாளிகளும் தப்பு அடித்தார்கள். அடித்து முடித்ததும், ஓசை இடைஞ்சலாக இருக்குமென்று தப்புகளை மேடைக்கு அடியில் ஈர மண்ணில் வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

வீரையாவை ஸ்ட்ரெச்சரில் கிடத்திக் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, எல்லோரும் பார்க்கும்படி மேடைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். முகத்தை மூடவில்லை. வெயில் அடிக்கட்டும் என்று இரக்கப்பட்டார்கள்.

மையத்தின் இயக்குநர் நவநீதன் பேச எழுந்தார்.

“பெரியோர்களே! முன்பெல்லாம் இந்த மலையில் குளிர் தானாக வந்தது. தீயும் தானாக வந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்தது. இன்று அந்த அவலம் இல்லை. நம் மையம் தொடங்கிய பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு தீகூட ஏற்படவில்லை என்பதைப் பெருமையோடு சொல்வேன். எப்படி? முன்னறிவிப்பு இல்லாமல் வருவதை நாம் தீ என்று ஏற்பதில்லை. அது வெறும் எரிதல்.”

கைதட்டினார்கள்.

“சென்ற ஆண்டு ஒரு பகுதியில் சுமார் ஒரு மலை எரிந்தது. பத்திரிகைகள் தீ என்று எழுதின. நாங்கள் கலங்கவில்லை. அன்று அங்கே நீல எச்சரிக்கை அமலில் இருந்தது. நீலம் இருக்கும்போது அந்த மலை எரிந்தது என்றால், நண்பர்களே, தவறு மலையுடையது.”

அடுத்து மாதிரித் தீ. பாலகுமார் பெரணிக் கட்டுக்குத் தீக்குச்சி வைத்தார். பனி நனைத்த பெரணி பிடிக்கவில்லை. இன்னொரு குச்சி, இன்னொரு பெட்டி, கொஞ்சம் மண்ணெண்ணெய். புகைந்துவிட்டு அணைந்தது. கடைசியில் ஒரு டேபிள் பேனை மல்லாக்க வைத்து, அதன்மேல் சிவப்புத் துணி நாடாக்களைப் பறக்கவிட்டார்கள். அதன் முன்னால் ‘மூச்சுத்திணறல்’ ஆட்கள் ஒழுங்காக இருமினார்கள். ஆலைச் சங்கு ஊதியது. “தீ! தீ!” என்று தொண்டர்கள் கத்தினார்கள். மேல் மலையில் பெண்கள் ஒருகணம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கொழுந்துக்குக் குனிந்தார்கள்.

பதினோரு மணிக்கு ஃப்ளெக்ஸைத் திருப்பினார்கள். சிவப்பு வந்தது. வெயில் சுள்ளென்று உறைத்தது. ரேகா கரியடுப்பைப் பார்த்துப் பதறினார். “குளிர் எச்சரிக்கை முடிஞ்சுபோச்சுங்க! இன்னும் இது இங்க என்ன பண்ணுது? எடுங்க, எடுங்க!”

பந்தல்காரர் இரண்டு பக்கமும் துணியைச் சுற்றிப் பிடித்து அடுப்பைத் தூக்கினார். வைக்க இடம் தேடினார். எங்கே போனாலும் விருந்தினர். புல்மேட்டின் அடிக்குப் போய், கங்குகளை அப்படியே கவிழ்த்துவிட்டு, காலியான அடுப்பை வண்டியில் ஏற்றினார். உத்தரவை நிறைவேற்றிய திருப்தியோடு கையைத் தட்டிக்கொண்டார்.

அதைப் பார்த்த ஆள் ஒருவர்தான். அவர் இறந்திருந்தார்.

“மேடம்,” என்றார் வீரையா.

ரேகா குனிந்து உதட்டில் விரல் வைத்தார்.

“மேடம், கங்கைக் கொண்டுபோய்ப் புல்லுல கொட்டிட்டாங்க. பொகையுது பாருங்க.”

“பெரியவரே, இறந்தவர் பேசக்கூடாதுங்க.”

“அதுக்கு மேல புள்ளைங்க இருக்குதுங்க மேடம்! பெரணி இருக்குதுங்க!”

பாலகுமார் வந்தார். “ஏனுங், நீங்க செத்து அரை மணி நேரமாச்சுங்களே. சாட்சி சொல்ல வேணும்னா லேசான காயம்தானுங்க சொல்லலாம்.”

லேசான காயம் டீ வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

காற்று மேட்டைப் பார்த்து ஏறியது. வெள்ளைப் புகை நூலாகக் கிளம்பி, பிறகு கயிறாகி, பிறகு புல்லுக்குள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு நாக்கு எட்டிப் பார்த்தது. இயக்குநர் நவநீதன் அதைக் கண்டார். கண்கள் விரிந்தன.

“அடடே! பிரமாதம். இது நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா?”

பாலகுமார் நிரலைப் பார்க்கவில்லை. இயக்குநர் முகத்தைப் பார்த்தார். “இருக்குதுங்க சார்.”

ரேகா விட்டுக்கொடுக்கவில்லை. “எங்க பிரிவும் சேந்து பண்ணினதுங்க சார்.”

“இப்படித்தான் இருக்க வேண்டும். அந்தத் துணி கொஞ்சம் செயற்கையாக இருந்தது,” என்று சொல்லி இயக்குநர் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள்.

வீரையா போர்வையை உதறிவிட்டு எழுந்தார்.

“இறந்தவர் எந்திரிச்சுட்டாரு! இறந்தவர் எந்திரிச்சுட்டாரு!” என்று மைக்கில் யாரோ அலறினார்கள். இரண்டு தொண்டர்கள் ஓடிவந்து தோளை அமுக்கினார்கள். ஒல்லியான உடம்பு அப்போது உதவியது. வழுக்கிக்கொண்டு ஓடினார். தீயணைப்பு வண்டியின் கதவை ஓங்கித் தட்டினார்.

“தம்பி, வண்டிய எடு! நெசத் தீ!”

டிரைவர் புகையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முகம் செத்துப்போயிற்று. “தண்ணி இல்லீங்ணா. ராத்திரிப் பனியில குழாய் வெடிச்சிரும்னு மேல்மாடியில சொல்லி வடிச்சிட்டாங்க. இன்னைக்குக் கொடியசைப்பு மட்டும்தானேன்னு…”

வீரையா மேட்டுப் பாதையில் ஏற ஓடினார். பாதை நடுவிலேயே நெருப்பு குறுக்கே வந்துவிட்டது. பனி கருக்கிய புல் சடசடவென்று வெடித்தது. சூடு முகத்தில் அறைந்தது. மேலே காம்பராவின் வாசலில் விஜயா ஒரு குழந்தையை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு நின்றாள். வாசல் நெருப்பைப் பார்த்திருந்தது, பின்னால் பெரணி. உள்ளே எத்தனையோ பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. அவள் ஒருத்தி. நடக்கத் தெரிந்த பிள்ளைகள் கொஞ்சம்தான்.

“சின்னம்மே! ஏ புள்ள! தீ! தீ!” என்று மேல் மலையைப் பார்த்துக் கத்தினார். இரண்டு கையையும் வீசினார்.

மலையில் பெண்கள் நிமிர்ந்தார்கள். அவரைப் பார்த்தார்கள். கழுத்தில் அட்டை தொங்க, வேட்டி காற்றில் பறக்க, இறந்தவர் குதித்துக் குதித்து ஆடுவதைப் பார்த்து அவர்கள் சிரிப்பது அங்கிருந்தே தெரிந்தது. சின்னம்மை முக்காட்டைக் கழற்றிப் பதிலுக்கு வீசினாள். அந்த நேரம் பார்த்து ஆலைச் சங்கு மறுபடி ஊதியது. நிரலில் அது இருந்தது.

சங்கு பொய்யாகிவிட்டது. புகை பொய்யாகிவிட்டது. தீ என்ற சொல்லும் பொய்யாகிவிட்டது. மலையிலிருந்து அவர்களை இறக்கக்கூடிய எல்லாவற்றையும் காலையிலேயே மையம் வாங்கித் தட்டில் போட்டுக்கொண்டது.

ஒன்றைத் தவிர.

அவர் திரும்பிப் பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தார். மேடைக்கடியில் கையை விட்டுத் தப்பை இழுத்தார். பக்கத்தில் பாண்டியன் இலையில் உப்புமா தின்றுகொண்டிருந்தான்.

“டேய், சாவு அடி அடி.”

“சாவா? யாரு மாமா செத்தது?”

வீரையா கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினார். “நான்தான்டா. வாடா!”

பாண்டியன் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் தோளுக்கு மேலே மேட்டைப் பார்த்தான். இலையைப் போட்டுவிட்டு எழுந்தான்.

தப்பை ஒரு தட்டுத் தட்டினான். ஈரத்தில் தோல் தொய்ந்து, நனைந்த மூட்டையைத் தட்டியதுபோல் தொப்பென்றது. “ஏலாது மாமா. காய்ச்சணும்.”

“காய்ச்சத்தான் அங்க எரியுதே!”

இருவரும் நெருப்பின் ஓரத்துக்கு ஓடினார்கள். பாண்டியன் தப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். வீரையாவின் கைமயிர் பொசுங்கியது. மேலே புகை காம்பராவை மூடிமூடித் திறந்தது. திறக்கும்போதெல்லாம் அவர் அந்தக் குல்லாவைத் தேடினார். பாண்டியன் விரலால் சுண்டிப் பார்த்தான். இன்னும் இல்லை. மறுபடி காட்டினான். சுண்டினான். தோல் கணீரென்றது.

கல்யாணத்துக்கும் அதே தப்புதான், தேருக்கும் அதே தப்புதான். ஆனால் சாவு அடி வேறு. நின்று, யோசித்து, மறுபடி விழுகிற அடி. மூணுகல்லில் அதை விளையாட்டுக்கு யாரும் அடிப்பதில்லை, குடித்தவன்கூட அடிப்பதில்லை. அது கேட்டால் பறித்த கொழுந்து கையில் இருந்தாலும் போட்டுவிட்டு லயத்துக்கு இறங்க வேண்டும். தொரையே நின்று தடுத்தாலும் கேட்க மாட்டார்கள். கேட்டதும் கிடையாது. இதை மையத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் அதையும் நிரலில் சேர்த்திருப்பார்கள்.

பாண்டியன் அடித்தான்.

மலையில் சிரிப்பு நின்றது. கைகள் நின்றன. சின்னம்மை கூடையின் கயிற்றைத் தலையிலிருந்து தள்ளினாள். கூடை உருண்டது. “ஐயோ!” என்று ஒரு குரல் கிளம்பி மலை முழுக்கப் பரவியது. பெண்கள் இறங்கினார்கள். பாதையில் இல்லை, வரிசைகளுக்கு நடுவே, தேயிலையைக் கிழித்துக்கொண்டு, நேராக. சுடலைமுத்து முதலில், “ஏய், நில்லுங்கடி, பொய்யி!” என்று கத்தினார். அடுத்த அடி விழுந்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு அவரும் இறங்கினார். சாவு அடிக்கு முன்னால் அவர் மேஸ்திரி இல்லை.

லயத்துக்கு இறங்கும் வழி பிள்ளைக்காம்பராவின் பின்பக்கமாகத்தான். அங்கே வந்ததும் நெருப்பு கண்ணுக்குப் பட்டது. சிலர் பின்ஜன்னல் வழியாகக் குழந்தைகளை வாங்கினார்கள். தன் பிள்ளை, பிறத்தியார் பிள்ளை என்று பார்க்கவில்லை, கைக்கு வந்ததை வாங்கினார்கள். சிலர் பெரணியை அள்ளி அள்ளித் தண்ணீர் ஓடும் கானுக்குள் எறிந்தார்கள். சுடலைமுத்துவும் எறிந்தார், உத்தரவின் உயரத்தைப் பற்றி அப்போது அவருக்கு ஞாபகம் வரவில்லை. மற்றவர்கள் இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்தார்கள். காலையில் தேயிலைமேல் இருந்த பனியெல்லாம் அதில்தான் ஊறியிருந்தது. சொட்டச் சொட்ட இருந்த அந்தச் சாக்கால் நெருப்பை அடித்தார்கள். அழுதுகொண்டே அடித்தார்கள். செத்தது யாரென்று இன்னும் ஒருத்திக்கும் தெரியாது.

கீழேயிருந்து வீரையாவும் பாண்டியனும் டிரைவரும் பச்சைக் கிளைகளோடு ஏறினார்கள். நெருப்பு நடுவில் மாட்டிக்கொண்டது. வாசற்படிக்கு இந்தப் பக்கம், பொறி பறந்து பெரணியின் ஒரு ஓரம் கருகிய பிறகு, அது அடங்கியது.

புகைக்குள்ளிருந்து சின்னம்மை வந்தாள். இடுப்பில் கீர்த்தனா தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் கரி பூசிய முகத்தோடு வீரையா நின்றார். அட்டை கோணலாகத் தொங்கியது.

“யாருங்க செத்தது?” என்றாள்.

அவர் அட்டையைத் தொட்டார்.

“பாதி மலை உன்னைய நெனச்சு அழுதுகிட்டு வந்தேன்,” என்றாள். அவள் அவரை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “மீதிப் பாதி இவளை நெனச்சு.” சொல்லிவிட்டுப் பிள்ளையை அவர் கையில் திணித்தாள். படியில் உட்கார்ந்துவிட்டாள்.

*

மைதானத்தில் இயக்குநர் நவநீதன் நிறைவுரை ஆற்றிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி மேடுவரை கேட்டது.

“இன்றைய ஒத்திகை நூற்றுக்கு நூறு வெற்றி. எதிர்பார்த்த தீ ஒன்று, ஏற்பட்டது ஒன்று. எதிர்பார்த்த இறப்பு ஒன்று, ஏற்பட்டதும் ஒன்றே. முன்நோக்கின் துல்லியத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. உள்ளூர்ப் பெண்களின் பங்கேற்பு தத்ரூபமாக இருந்தது. குறிப்பாக அந்த அழுகை. ஒரேயொரு குறை. மௌன அஞ்சலியின்போது இறந்தவர் தம் இடத்தில் இல்லை. இதை வன்மையாகக் கண்டிக்கிறேன்.”

பிறகு தீயணைப்பு வண்டிக்குக் கொடியசைத்தார்கள். வண்டி மாலையோடு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது.

சாவு அடி கேட்டு இறங்கியவர்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் லயத்துக்குள் கால் வைக்கக்கூடாது. இது பொய்ச் சாவு, பரவாயில்லை என்று சுடலைமுத்து சொல்லிப் பார்த்தார். “அடிச்ச அடி நெசம்தானே?” என்று சின்னம்மை கேட்டாள். பொழுது சாய்ந்து குளிர்காற்று மறுபடி மலையிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் கானில் இறங்கித் தலையோடு ஊற்றிக்கொண்டார்கள். வீரையாவும் ஊற்றிக்கொண்டார். செத்தவர் தன் சாவுக்குத் தானே தலைமுழுகுவதைப் பார்த்துப் பாண்டியன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு அவனுக்கும் பல் கிட்டித்தது.

கருகிய மேட்டில் ஒரு மரக்கட்டை இன்னும் கனன்றது. நெருப்பைக் காவல் காக்க வேண்டியவரும் சேர்ந்து எல்லோரும் அதைச் சுற்றி நின்று கையைக் காட்டினார்கள்.

ரேகா மூச்சு வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார். ஈரத்தலையோடு நின்றவர்களைப் பார்த்ததும் மெகாபோனைத் தூக்கினார். “இந்தக் குளிர்ல யாரும் நனையக்கூடாதுங்க! சாயங்காலத்துலருந்து நீல எச்சரிக்கை வந்தாச்சு!” கனன்ற கட்டையைப் பார்த்தார். “நெருப்புக்கிட்டயும் நிக்கக்கூடாதுங்க!”

ஒருத்தியும் நகரவில்லை. குளிர் அப்படி.

அவர் மெகாபோனை இறக்கினார். காம்பராவைப் பார்த்தார், கருகிய பெரணி ஓரத்தைப் பார்த்தார், வாசலில் வரிசையாக உட்கார்ந்து பிஸ்கட் தின்னும் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு, “பெரியவரே, அந்த அட்டையைக் குடுத்திடுங்க,” என்றார் மெல்ல. “அடுத்த வாரம் வேற எஸ்டேட்ல ஒத்திகைங்க. இருக்கறது அது ஒண்ணுதான்.”

வீரையா கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். அதற்குள் சின்னம்மை கயிற்றை அவர் தலைவழியாகக் கழற்றிவிட்டாள். ரேகா கையை நீட்டினார்.

“செத்தவங்கள எரிக்காம ஊர் ஊராத் தூக்கிட்டுப் போறதா மேடம்?” என்று கேட்டாள் சின்னம்மை. அட்டையைக் கங்கின்மேல் வைத்தாள்.

அது நன்றாகக் காய்ந்த அட்டை. ஒரு குச்சி இல்லாமல், முன்னறிவிப்பு இல்லாமல், உடனே பிடித்துக்கொண்டது. கீர்த்தனா தாத்தாவின் தோளிலிருந்து குனிந்து, அதற்கு நேரே இரண்டு கையையும் நீட்டிக் குளிர்காய்ந்தாள்.